சனிக்கிழமைகளில் ஒளிர்ந்த நட்சத்திரம்

இந்த வானாய்வு மையத்தில் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களுக்கு நீல அட்டை போட்ட ஒரு கைப்புத்தகம் கொடுத்திருப்பார்கள். அதில் பாதியை எழுதியவன் நான். மீதியைத் திருத்தியவனும் நான்தான். டெலஸ்கோப்புக்கு மேலே உள்ள டோமை எப்போது திறக்க வேண்டும், காற்றில் ஈரம் எவ்வளவு ஏறினால் மூட வேண்டும், கருவி அறைக்குள் யார் போகலாம், போகிறவர் செருப்பை எங்கே விட வேண்டும் என்பது வரை எல்லாம் அதில் உண்டு. பணியில் இருந்த காலத்தில் எனக்கு 'ரூல்ஸ் சார்' என்று பெயர். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று நான் விதி எழுதவில்லை. அவர்களாகக் காட்டிய மரியாதை.

அந்தப் புத்தகத்தை நன்றாகப் படியுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு படியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கடைப்பிடித்தபடியே, துறை முழுவதும் கூடி, நல்ல எண்ணத்தோடு ஒரு பொய்யைத் தயாரித்துவிட முடியும். நாங்கள் கிட்டத்தட்ட தயாரித்து முடித்திருந்தோம். மேலே ஒட்ட வேண்டிய முத்திரை மட்டும்தான் பாக்கி. அந்த முத்திரை என் கையில் இருந்தது.

திருப்பதியில் வானியல் வேலை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. "மலைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் லட்டுக்காகக் காத்திருப்பார். எங்கள் மலை வேறு. அங்கே ஒரு டெலஸ்கோப், ஒரு சமையலறை, ஏராளமான குரங்குகள். பிரசாதம் கிடையாது. நாங்கள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நட்சத்திரத்தையும், அதை ஒட்டிச் சுற்றும் ஒரு கோளையும்.

கோள் என்றால் நம் வியாழன் அளவுக்குப் பெரியது. ஆனால் சூரியனுக்குப் புதன் இருக்கும் தூரத்தைவிட மிகவும் நெருங்கி, மூன்றரை நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். அவ்வளவு நெருக்கத்தில் குடித்தனம் நடத்தினால் ஒன்றை ஒன்று சும்மா விடாது. நட்சத்திரம் கோளை என்ன செய்யும் என்பது நமக்கு ஓரளவு தெரியும். சுட்டுப் பொசுக்கும். அதன் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து வெளியே ஊதிவிடும். ஒரே முகத்தை எப்போதும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். பெரியது சிறியதைப் படுத்துவது எங்கும் கண்ணுக்குத் தெரியும். சிறியது பெரியதை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கோளின் இழுப்பில் நட்சத்திரத்தின் மேற்பரப்பு கொஞ்சம் மேடேறலாம். இரண்டின் காந்தப் புலங்களும் சிக்கிக்கொண்டால் நட்சத்திரத்தின் மேல் ஒரு சூடான திட்டு உண்டாகி, கோள் போகும் பக்கமெல்லாம் கூடவே போகலாம். எல்லாம் 'லாம்'தான். சிலர் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். பிறகு போய்ப் பார்த்தவர்களுக்குக் காணவில்லை.

பார்ப்பது எப்படி என்றால், நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது, ஊதா நிறத்தின் ஓரத்தில் கால்சியம் உண்டாக்கும் இரண்டு கருத்த கோடுகள் இருக்கும். ஆழமான கிணறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் மேற்பரப்பு கொந்தளித்தால் கிணற்றின் அடியில் கொஞ்சம் வெளிச்சம் ஊறும். கோள் நம் பக்கம் இருக்கும்போது ஊறி, பின்னால் போகும்போது வற்றினால், அது கோளின் கைவரிசை.

டெலஸ்கோப்பைப் பல குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிடைத்தவை சனியும் திங்களும். இடையில் வரும் ஞாயிறு பொதுமக்கள் பார்ப்பதற்கு. எங்கள் துறைத் தலைவர் கெட்டிக்காரர். இந்த நாட்களுக்குப் பொருத்தமான கோள் எது என்று தேடிப் பிடித்தார். மூன்றரை நாள் சுற்று என்றால் வாரத்துக்குச் சரியாக இரண்டு சுற்று. ஒரு சனிக்கிழமை கோள் முன்பக்கம் இருந்தால் அடுத்த சனிக்கிழமையும் முன்பக்கம்தான். திங்களன்று ஏறத்தாழப் பின்பக்கம் போயிருக்கும். சுற்று மூன்றரை நாளுக்குச் சற்றே குறைவு என்பதால் இந்தக் கணக்கு மெல்ல மெல்ல நழுவும். ஆனால் முன்னும் பின்னும் இடம் மாற ஒரு வருடத்துக்கு மேலாகும். ஆக, எங்களுக்குக் கிடைத்த இரண்டு நாளிலும் கோள் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும். வசதி. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டு, அது போகும் ஊரில் நமக்கு ஒரு வேலை இருப்பதாக முடிவு செய்துகொள்வது போன்ற வசதி. அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கோடை முடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் கிணற்றடியில் வெளிச்சம். திங்கட்கிழமைகளில் இருட்டு. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவிப்பதற்கு ஹால் பிடித்தார், அழைப்பிதழ் அனுப்பினார்.

வேலை முழுவதையும் செய்தவள் மஞ்சுளா. எங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். பாகாலாவுக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, எங்களிடம் வந்த பிறகு ஆங்கிலம். மூன்றிலும் ஒரே வேகத்தில் கேள்வி கேட்பாள். அவள் 'நைனா' என்று கூப்பிடும் அப்பா ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் லோடிங் வேலை பார்த்தார், வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு, இந்த நட்சத்திரத்தின் ஒளிர்வைத் தொடர்ந்து ஆராய்வதற்காகவே மஞ்சுளாவுக்கு இரண்டு ஆண்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அறிவிப்பு வெளியானால் வேலை உறுதி.

அறிவிப்புக்கு முன் தரவு சரியானது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். அந்த விதியை எழுதியவனும் நான்.

எல்லாவற்றையும் சரிபார்த்தேன். டோம், கண்ணாடி, கருவி அறைக் கதவு, ஒளியைப் பதியும் டிடெக்டரின் குளிர்ச்சி எல்லாம் புத்தகப்படி. ஒப்பிடுவதற்காகக் கோள் இல்லாத ஒரு நட்சத்திரத்தையும் அதே நாட்களில் எடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எடுத்திருந்தார்கள். அது சனியும் திங்களும் ஒரே மாதிரி அசையாமல் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத தாள்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும், ஆனால் சந்தேகத்துக்கு விதியில் இடம் கிடையாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மஞ்சுளாவும் அதே ரயில். பாகாலாவில் இறங்குவாள். எதிரில் வந்து உட்கார்ந்து, கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"சார், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளு. சிரிக்கறதுக்கு எனக்கு மேலிடத்து அனுமதி வேணும்."

"என் நட்சத்திரம் சனிக்கிழமையானா சாமி கும்புடுது சார்."

நான் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை பளபளன்னு கீது. திங்கக்கிழமை மூஞ்சி தொங்கிப்பூடுது. எங்க ஊர்ல பாதி பேரு அப்டித்தான், அதான் சட்டுனு தோணுச்சு."

"சனிக்கிழமை கோள் முன்னாடி இருக்குதே, அதனால."

"அத்தத்தான் சார் கேக்கறேன். கோளு முன்னாடி இருக்கறதால பளபளப்பா, சனிக்கிழமைன்றதால பளபளப்பா? ரெண்டும் ஒண்ணாவே வந்துக்கினு இருந்தா எத்த வச்சுப் பிரிக்கறது?"

ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"ஒப்பிட எடுத்த நட்சத்திரம் ஆடலையே? சனிக்கிழமைல கோளாறு இருந்தா அதுவும் ஆடணுமே?"

"அது பெரிய வெளிச்சம் சார். கண்ணு சிமிட்டறதுக்குள்ள எடுத்துடறோம். நம்மளுது மங்கலு. அரை மணி திறந்து வச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கோம். அந்த நேரத்துல வேற எதுனா உள்ள வந்தா?"

இதற்குப் பதில் என் புத்தகத்தில் இல்லை. ஒப்பீட்டு நட்சத்திரம் வேண்டும் என்று எழுதியிருந்தேனே தவிர, அது எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. பளிச்சென்று இருப்பதை எடுப்பது சுலபம், நேரம் மிச்சம். அதனால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள்.

"தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'நுவ்வு ஜெர்மனிகி போவாலா, வத்தா?'ன்னு கேட்டாரு. போகணுமா வேணாமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"போவணும்னுதான் சொன்னேன். எனக்கு மட்டும் ஆசையில்லையா? நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. ஜெர்மனி எந்தப் பக்கம்னு கேட்டா, ரேணிகுண்டா ஏர்போர்ட்டு தாண்டி நேரா போவணும்ன்றாரு."

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக யோசியுங்கள். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. விதிப்படி எல்லாம் சரி. சில ஆண்டுகள் கழித்து வேறு எவரோ பார்த்து, இப்போது காணவில்லை என்பார்கள். நட்சத்திரத்தின் மனநிலை மாறிவிட்டது என்று நாமும் ஒரு கட்டுரை எழுதலாம். இந்தத் துறையில் அது சகஜம், யாரும் பொய்யர் என்று பெயர் வாங்குவதில்லை. மஞ்சுளா அதற்குள் ஜெர்மனியில் வேறு நல்ல வேலை செய்து பெயரெடுத்திருப்பாள். கையெழுத்துப் போட மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 'ரயிலில் ஒரு பெண் கேள்வி கேட்டாள்' என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவளுக்காக நான் முடிவெடுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு வழி இருக்கு. கோளே இல்லாத மங்கலான நட்சத்திரம் ஒண்ணைப் புடிச்சு, ஒரு சனிக்கிழமை அரை மணி எடுத்துப் பாக்கலாம். அது சும்மா இருந்தா உன் கோள் நிஜம். நான் அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். அதுவும் பளபளன்னு இருந்தா..."

"ஜெர்மனி பூடும்."

"போகும். எடுக்காமலே விட்டாலும் தப்பில்ல. விதியில எங்கயும் அப்படி எடுக்கணும்னு இல்ல. யோசிச்சு, அடுத்த வாரம் சொல்லு."

அவள் கடலைத் தோலை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள். பாகாலா வந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ரயில் கிளம்புகிற நேரத்தில் என் ஜன்னலுக்கு ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள்.

"சார், நாளைக்கே சனிக்கிழமைதானே?"

கருவியைச் சோதிப்பதற்காக அரை மணி நேரம் வரை, தலைவரின் அனுமதி இல்லாமலே என்னைப் போன்ற பொறுப்பாளர் டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று கைப்புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பார்த்திருக்க மாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. லென்ஸில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக எழுதியது. சித்தூர் போய்ச் சேர்வதற்குள் மலைக்குப் போன் செய்து அந்தப் பிரிவின் கீழ் அரை மணி நேரம் வாங்கினேன். விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வதால் இரண்டு பயன். ஒன்று, கூடாது என்று சொல்லலாம். அது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, யாரும் கூடாது என்று சொல்ல முடியாத வழியைக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன்.

சனி இரவு மஞ்சுளா மலைக்குப் போய் எடுத்தாள். ஞாயிறு காலை போன் வந்தது.

"சார், இதுவும் சாமி கும்புடுது."

குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"நைனாவாண்ட இன்னும் சொல்லல" என்றாள். பிறகு, "எதனாலன்னு கண்டுபுடிச்சிட்டு சொல்லிக்கறேன்."

திங்கள் காலை இருவரும் மலைக்குப் போனோம். எங்களுடைய இரண்டு நாளிலும் கருவியை இயக்குகிறவர் முனிரத்தினம். உதவியாளர் வேலையில் பல ஆண்டு அனுபவம், என் புத்தகத்தை என்னைவிட நன்றாக ஒப்பிப்பார். அவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். மின்சாரம், குளிரூட்டி, டோமின் இடுக்குகள். சனிக்கும் திங்களுக்கும் எதிலும் வித்தியாசம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது மஞ்சுளா ரசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, கருவிய விடுங்க. சனிக்கிழமை நீங்க இன்னா பண்றீங்க, திங்கக்கிழமை பண்ணாதது?"

"நானா? சனிக்கிழமைன்னா தலைக்குக் குளிப்பேன். ஒரு வேளைதான் துன்னுவேன். கவுச்சி தொட மாட்டேன். பெருமாளுக்கு லைட்டு போடுவேன். அவ்ளோதான் பாப்பா."

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். "எந்த லைட்டு?"

"கரண்டு லைட்டுதான் சார். நெருப்பு கூடாதுன்னு உங்க ரூலு சொல்லுதே. கற்பூரம், ஊதுபத்தி, தீபம், எதுவுமே நான் கொளுத்தறதில்ல."

உண்மை. பிரிவு வாரியாக, நானே எழுதியது. கற்பூரம் கூடாது, ஊதுபத்தி கூடாது, எரியும் திரி எதுவும் கூடாது. எல்.இ.டி. பற்றி ஒரு சொல் இல்லை.

காட்டினார். கருவி அறைக்கு வெளியே உள்ள சிறிய முன்னறையில், மின்கருவிகள் அடுக்கிய ராக்குக்குப் பின்னால், கதவை ஒட்டி, கையகல பிளாஸ்டிக் பெருமாள் படம். திருமலை அடிவாரத்து அலிபிரியில் கடை கடையாகத் தொங்குமே, சுற்றிலும் நீலமும் வெள்ளையுமாகப் பொட்டு விளக்குகள் ஓடும், அது. மகள் வாங்கிக் கொடுத்ததாம். சனிக்கிழமை மாலை வேலை தொடங்கும் முன் சுவிட்சைப் போட்டு, கும்பிட்டு, மறுநாள் காலையில் அணைப்பார். உள்ளே போகும் கதவு மூடித்தான் இருந்தது. மூடியிருக்கிறதா என்றுதான் படிவம் கேட்கும், மூடியிருக்கிறது என்றுதான் அவர் எழுதியிருந்தார். குனிந்து பார்த்தால் கதவின் கீழ் மூலையில் ரப்பர் பட்டை தேய்ந்து விரலளவுக்கு இடைவெளி.

டோமை மூடி வைத்து, விளக்கைப் போட்டு, டிடெக்டரை அரை மணி நேரம் திறந்து வைத்தோம். மெல்லிய வெளிச்சம் பதிந்தது. விளக்கை அணைத்து எடுத்தோம். சுத்த இருட்டு. முடிந்தது. கோடானுகோடி மைல் தாண்டிவரும் நட்சத்திர ஒளியின் இருண்ட கிணற்றுக்குள், பக்கத்து அறையிலிருந்து ஒரு கை வெளிச்சம் விழுந்திருக்கிறது. அதைத்தான் கோளின் கைவரிசை என்று ஹால் பிடித்து அறிவிக்க இருந்தோம்.

முனிரத்தினம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் ஜெர்மனிய நானா கெடுத்தேன் பாப்பா?"

மஞ்சுளா அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"போற வழியில பெரிய பள்ளம் இருந்துச்சுண்ணா. நீங்க அதுல லைட்டு போட்டு வச்சீங்கோ. இல்லன்னா ஜெர்மனில போயி உழுந்திருப்பேன். அங்க யாரு தூக்குவாங்க?"

அவர் எழுந்து போய்ப் படத்தின் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"ஐயோ, அணைக்காதீங்க!" என்று கத்தினாள். "இன்னும் அஞ்சாறு தபா எடுக்கணும். எவ்ளோ வெளிச்சம், எங்க எங்க உழுதுன்னு தெரிஞ்சாத்தான் பழைய சனிக்கிழமைங்கள்லேர்ந்து கழிக்க முடியும்."

கனவு போன அந்த மணி நேரத்திலேயே கழித்தல் கணக்குப் போட உட்கார்ந்தாள். என் பணிக்காலத்தில் பல பெரிய மனிதர்கள் பெரிய முடிவுகள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

தலைவர் கெட்டவர் அல்ல. விஷயத்தைச் சொன்னதும் வரைபடத்தையே வெகுநேரம் பார்த்தார். "இன்விடேஷன் பம்பிச்சேஸாமு சார்" என்றார். அழைப்பிதழ் போய்விட்டதே என்று. பிறகு கோபம் வந்தது, அது இறங்க ஓர் இடம் தேடியது. முனிரத்தினத்துக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்.

"கொடுக்கலாம் சார். ஆனா வரிசையா கொடுக்கணும்" என்றேன். "ரப்பர் தேஞ்சதைப் பார்க்காத பராமரிப்புப் பிரிவுக்கு முதல் மெமோ. எல்.இ.டி. பற்றி எழுதாத கைப்புத்தக ஆசிரியருக்கு, அதாவது எனக்கு, ரெண்டாவது. டெலஸ்கோப் கிடைக்கிற கிழமைக்குத் தகுந்தபடி கோளைத் தேர்ந்தெடுத்தவருக்கு மூணாவது. முனிரத்தினம் நாலாவதா வருவார்."

மூன்றாவது யார் என்று அவருக்குப் புரிந்தது. சிரிக்க விருப்பமில்லாமல் சிரித்தார். அறிக்கையில் 'கதவின் ரப்பர் தேய்ந்திருந்ததால் முன்னறையில் இருந்த சிறு விளக்கின் ஒளி உள்ளே புகுந்தது' என்று எழுதினேன். விளக்கு யாருடையது என்று படிவம் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவது விதிமீறல்.

மஞ்சுளா ஜெர்மனிக்குத் தானே எழுதினாள், எங்கள் அறிக்கை போவதற்கு முன்பாகவே. அந்த ஒளிர்வைத் தொடர்வதற்காகத்தான் வேலை, ஒளிர்வு இல்லை என்பதால் வேலையும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மரியாதையான பதில்கள் நீளமாக இருப்பதில்லை.

ஹாலை ரத்து செய்ய வேண்டாம் என்று கேட்டவளும் அவள்தான். "அந்த நேரத்துக்கு நான் பேசறேன் சார். கண்டுபிடிச்சோம்னு சொல்லக் கூப்பிட்டோம், எப்டி ஏமாந்தோம்னு சொல்லி அனுப்பலாம்." தலைவர் ஒரு நாள் முழுக்க யோசித்து, சரி என்றார். அன்று முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்பு.

பத்திரிகைக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. கல்லூரி மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் மஞ்சுளாவின் அப்பா, ஸ்ரீ சிட்டி வேலைச் சட்டையோடு, ஷிப்டு முடித்து நேராக வந்தவர். மஞ்சுளா முதலில் விளக்கொளியோடு இருந்த வரைபடத்தைக் காட்டினாள். பிறகு விளக்கொளியைக் கழித்ததை. இரண்டாவதில் சனிக்கும் திங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

"யாரோ வச்ச ஒரு சின்ன விளக்கு..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நடு வரிசையில் முனிரத்தினம் எழுந்தார்.

"யாரோ இல்ல பாப்பா. நான்தான்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஹால் சிரித்தது. பிறகு கை தட்டியது. அவர் எழுந்து கும்பிட்டார். அறிக்கையில் நான் எழுதாமல் விட்டதை அவரே எழுதிவிட்டார்.

ஒரு மாணவன் கேட்டான்: "அப்போ கோள் நட்சத்திரத்தைப் பாதிக்குதா, இல்லையா மேடம்?"

"பளிச்சுனு தெரியற மாதிரி இந்தக் கோளு எதுவும் பண்ணல. அத்த மட்டும் இப்ப தைரியமா சொல்லலாம்" என்றாள். "ஆனா இந்த நட்சத்திரம் தன் வயசுக்குக் கொஞ்சம் வேகமா சுத்துது. கோடோட அகலத்துல அது தெரியும், விளக்கு வெளிச்சத்தால அது மாறாது. கோளு பக்கத்துலயே இருந்து கோடிக்கணக்கான வருசமா இழுத்து இழுத்து அப்டி ஆக்கியிருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். அத்தத்தான் இனிமே பாக்கணும்."

ஓர் இரவில் தீப்பற்றுவதைத் தேடினோம். கிடைத்தது, அதுவும் ஒருவேளை, யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாத அளவுக்கு மெல்ல நடந்த ஒரு திருப்பல். உங்களில் பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இல்லை. நாற்பது வருட அலுவலக வாழ்க்கையில் சிறியவர்கள் பெரியவர்களைப் பாதித்ததை நான் பார்த்தது எல்லாம் அந்த விதமாகத்தான்.

மாலை ரயிலில் நானும் மஞ்சுளாவும் அவள் அப்பாவும் வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் அவளுடைய அப்பாவை விசாரித்தார். "இன்னாபா, பொண்ணு ஜெர்மனிக்குப் போவுதுன்னியே, எப்போ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "போவல. அவளோட நட்சத்திரம் பொய் சொல்லிச்சு. இவ புடிச்சிட்டா."

"நட்சத்திரத்தையா?"

"ஆமா. இன்னிக்கு ஹால்ல அத்தினி பேருக்கு முன்னால புடிச்சிக் குடுத்தா. ஒருத்தரும் எதிர்த்துப் பேசல."

ஊர்க்காரருக்கு என்ன புரிந்ததோ, மரியாதையோடு தலையாட்டினார். மஞ்சுளா நிமிரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணும் நனைந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டையும் நான் எந்தப் படிவத்திலும் சேர்த்துப் பார்த்ததில்லை.

பாகாலா நெருங்கியது. அப்பா பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். அவள் எழுந்து நின்று, என் பக்கம் குனிந்தாள்.

"சார், எனக்குப் புதன்கிழமை டெலஸ்கோப்பு நேரம் வேணும். நீங்க ரிட்டையர் ஆவறதுக்குள்ள வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு? சனிக்கிழமைதான் சரியாயிடுச்சே."

"சனிக்கிழமை தப்ப ஒத்துக்கிச்சு சார்" என்றாள். "திங்கக்கிழமைய வேற கிழமையோட வச்சு இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லையே."